ஐந்து வகுப்பும் ஒரே அறையில்: மலைப்பள்ளியில் அறிவியல் எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் மேல்மலையில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மாறுதல் வாங்கிப் புதிதாக மலைக்கு வரும் டீச்சர்களும் சார்களும் போனில், பயிற்சிக் கூட்டத்தில், சில நேரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மன்னவனூர், பூம்பாறை, கூக்கால், கிளாவரைப் பக்கம் இருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கீழ்மலையில் இருப்பவர்கள் பூண்டு என்று வரும் இடத்தில் காபி, மிளகு, ஆரஞ்சு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து பாடம் தனித்தனியாக எடுக்க வேண்டுமா?

வேண்டாம், எடுக்கவும் முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தான், அதில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் அன்றைக்கு முழுப் பள்ளியும் உங்கள் கையில். நாற்பது நிமிடத்தை ஐந்தாகப் பங்கு போட்டால் ஒரு வகுப்புக்கு எட்டு நிமிடம் வரும், புத்தகத்தை எடுத்துப் பக்கம் தேடுவதற்குள்ளேயே அதில் பாதி போய்விடும்.

பாடத்தைப் பிரிக்காமல் வேலையை மட்டும் பிரித்துக் கொடுங்கள். நடுவில் ஒரே ஒரு பொருள், எல்லாரும் அதைச் சுற்றி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதைத் தொட்டு, மோந்து, வரையட்டும். மூன்றாம் வகுப்பு அளக்கட்டும். ஐந்தாம் வகுப்பு "இப்படி மாற்றினால் என்ன ஆகும்" என்று செய்து பார்க்கட்டும்.

எண்ணும் எழுத்தும் வகுப்பில் நிலை பிரித்துத்தானே எடுக்கிறோம். அறிவியலுக்கும் அதே மாதிரி பிரித்தால் என்ன?

வாசிப்பையும் கணக்கையும் அடிப்படையிலிருந்து சொல்லிக் கொடுக்க 2022இல் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம், அதற்கு முன்னால் 2007-08இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறும் ஏணிப்படியும் அதற்கான பாட அட்டையும் இருந்தன. வாசிப்புக்கும் கணக்குக்கும் அந்தப் பிரிவு தேவைதான். எழுத்து தெரியாத பிள்ளையிடம் பத்தியைக் கொடுத்து என்ன செய்ய?

ஆனால் ஒரு மண்புழுவைப் பார்ப்பதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. ஆறு வயதுப் பிள்ளை பார்க்கும் புழுவும் பத்து வயதுப் பிள்ளை பார்க்கும் புழுவும் ஒன்றுதான், பல நேரம் சின்னதுகள்தான் கூர்ந்து பார்க்கின்றன, ஏனென்றால் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது. அதனால் அறிவியல் நேரத்தில் மட்டும் நிலைகளைக் கலைத்துவிடச் சொல்கிறேன். கலந்து உட்காரும்போதுதான் நல்ல பேச்சு வருகிறது.

சரி, ஒரு பாடத்தை முழுசாகச் சொல்லுங்கள். எங்கே தொடங்கி எப்படி முடிப்பது?

பூண்டை எடுத்துக்கொள்வோம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மேல்மலையில் பூண்டு தெரியாத வீடு கிடையாது. புதிதாகப் பிடுங்கிய பூண்டு சீக்கிரம் முளைக்காது, அதனால் விதைக்கென்று மாதக்கணக்கில் எடுத்து வைத்திருக்கும் பூண்டில் ஒரு கட்டியைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி டம்ளர் நான்கைந்து. இல்லாவிட்டால் தெளிவான பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிக்கொள்ளலாம். டம்ளரின் உள்பக்கம் ஒட்டினாற்போல் கனமான தாளைச் சுருட்டி வைத்து, நடுவில் பழைய துணியைத் திணித்து நனையுங்கள். தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் பல்லைச் செருக வேண்டும்: ஒன்று நேராக, ஒன்று படுக்கையாக, ஒன்று தலைகீழாக.

செருகும் முன் ஒரு கேள்வி: "தலைகீழா வெச்ச பல்லு எப்படி முளைக்கும்?" இதை ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்டுக்கொண்டு வாருங்கள். "செத்துப்போயிடும்", "கீழ் பக்கமா வளரும்", "அது திரும்பிக்கும்" என்று மூன்று நான்கு பதில் வரும். எதையும் சரி, தப்பு என்று சொல்லாமல் அவரவர் பெயரோடு ஒரு சார்ட்டில் எழுதித் தொங்கவிடுங்கள்.

மலைக்குளிரில் வேர் வர ஒரு வாரம்கூட ஆகலாம், பொறுங்கள். முதலில் பல்லின் தட்டையான அடியில் வெள்ளையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் புடைக்கும், பிறகு அவை நூல் நூலாக நீளும். தலைகீழாக வைத்த பல்லில் வேர் மேல்பக்கம் கிளம்பி, வளைந்து, கண்ணாடியை ஒட்டியபடியே கீழே இறங்கும். முளையோ கீழ்நோக்கி வெளியே வந்து, கொக்கிபோல் திரும்பி மேலே ஏறும். அந்தக் கொக்கியைப் பார்த்தவுடன் பிள்ளைகள் டம்ளரைச் சுற்றி மொய்த்துக்கொள்வார்கள், அன்றைக்குக் கணக்குப் பாடம் கொஞ்சம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

இப்போது வேலையைப் பிரிப்பது. ஒன்றாம் வகுப்பு தினமும் ஒரு படம் வரையும். இரண்டு, வேரை எண்ணும். மூன்றும் நான்கும் ஸ்கேலால் முளையின் நீளத்தை அளந்து அட்டவணையில் எழுதும், நான்காம் வகுப்பு கூடுதலாக ஒரு டம்ளரை இருட்டு அலமாரியில் வைத்து வெளியில் இருப்பதோடு ஒப்பிடும் (உள்ளே இருப்பது வெளிறி மஞ்சளாக நீளும்). ஐந்தாம் வகுப்பு, நேராக வளர்ந்த ஒரு டம்ளரை அப்படியே பக்கவாட்டில் சாய்த்து வைத்துவிட்டு, முளை எப்போது மறுபடி மேலே திரும்புகிறது என்று குறிக்கும். வெளிச்சத்தைத் தேடித்தான் திரும்புகிறது என்று யாராவது சொல்வார்கள், அப்படியானால் இருட்டு அலமாரிக்குள் சாய்த்து வைத்தால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். அங்கேயும் மேலேதான் திரும்பும். செடிக்குப் புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிகிறது, வேர் நுனியிலும் முளையிலும் இருக்கும் சில செல்களுக்குள் கனமான மாவுத் துகள்கள் கீழே படிவதை வைத்து அது திசை அறிகிறது. இந்த விளக்கம் உங்களுக்காக. ஐந்தாம் வகுப்பிலும் கேட்கிற பிள்ளைக்கு மட்டும் சொன்னால் போதும்.

கடைசியில் பழைய சார்ட்டை இறக்கி, யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாரும் சேர்ந்து படியுங்கள். "அது திரும்பிக்கும்" என்று சொன்ன பிள்ளை பெரும்பாலும் முதல் இரண்டு வகுப்பில்தான் இருக்கும்.

எது கேட்டாலும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே பதில் சொல்லிவிடுகிறார்கள். சின்னதுகள் வாயைத் திறப்பதில்லை.

அதனால்தான் கீழிருந்து கேட்கச் சொன்னேன். பெரிய பிள்ளை ஒருமுறை "ஒளிச்சேர்க்கை" என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்த அறையில் யோசனை நின்றுபோகும், சொன்ன பிள்ளைக்கும் அந்த வார்த்தைக்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்காது. முதல் பத்து நிமிடம் ஒன்று, இரண்டு மட்டும் பேசட்டும், மற்றவர்கள் அவர்கள் சொல்வதை எழுதட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய பிள்ளைகளைத் தினமும் குட்டி வாத்தியார் ஆக்காதீர்கள். தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அவர்களும் படிக்கத்தான் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கென்று கடினமான ஒரு கேள்வி எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

எனக்கே பதில் தெரியாததைக் கேட்டால்?

"தெரியலை, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே பாருங்கள். மலையில் இது தவிர்க்க முடியாதது, ஏனென்றால் புத்தகம் எழுதியவர்கள் கண்ணில் படாத விஷயங்களுக்குள்தான் நம் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள்.

ஓர் உதாரணம். நீர்ச்சுழற்சிப் படத்தில் மேகம் ஆகாயத்தில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் வகுப்பறை ஜன்னல் வழியாகவே மேகம் உள்ளே வரும். "நாம மேகத்துக்குள்ளதானே நிக்கிறோம், அப்ப ஏன் டீச்சர் மழை பெய்யலை?" என்று ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், பதில் சொல்வதற்கு முன் ஒரு ஸ்வெட்டரையும் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டையும் மூடுபனியில் கொடியில் போட்டுவிட்டு வாருங்கள். அரைமணி கழித்து எடுத்தால் ஸ்வெட்டரின் ஒவ்வொரு மயிரிழை நுனியிலும் மணி மணியாகத் தண்ணீர் கோத்திருக்கும். மூடுபனியில் நீர் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு துளியும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான், அவ்வளவு சின்னது கீழே விழ நேரம் எடுக்கும், காற்றிலேயே மிதக்கும். ஏறக்குறைய பத்து லட்சம் துளி சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. சிலந்திவலை பக்கத்தில் இருந்தால் அதையும் காட்டுங்கள், அதைவிட நல்ல கருவி எந்த ஆய்வகத்திலும் கிடையாது.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று சொல்லிக் கொடுப்பதா, வேண்டாமா?

சொல்லுங்கள், கூடவே "கடல் மட்டத்தில்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். கீழே வத்தலக்குண்டில் 99. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேக நிறைய நேரமாகும் என்று அம்மாக்களுக்குத் தெரியும், அதற்குக் காரணம் இதுதான்: மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு அழுத்தம் என்ற சொல்லே வேண்டாம், சிப்ஸ் பாக்கெட் போதும். வத்தலக்குண்டில் வாங்கிய பாக்கெட் கொடைக்கானல் வருவதற்குள் உப்பிப் போயிருக்கும். காலித் தண்ணீர் பாட்டிலை மேலே இறுக்க மூடிக் கீழே கொண்டுபோனால் நசுங்கியிருக்கும். ஊருக்குப் போய்வரும் எந்தப் பிள்ளையிடமும் இந்த வேலையை ஒப்படைக்கலாம், பாட்டிலை நசுங்கியபடியே பத்திரமாகக் கொண்டுவருவதுதான் முடியாது, மேலே வரவர மறுபடி நிமிர்ந்துவிடும். அதையும் பார்க்கட்டும்.

கொதிநிலையை அளக்கிறீர்கள் என்றால் அடுப்புக்கு அருகில் நீங்கள் மட்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொதிநீரில் விடவே கூடாது, அது 42 டிகிரி வரைதான், வெடித்துவிடும். பாதரசம் உள்ளதையே பள்ளிக்குள் கொண்டுவராதீர்கள், சிவப்புத் திரவம் உள்ள ஆய்வகத் தெர்மாமீட்டர் வாங்குங்கள். பாதரசக் கழிவால் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலையே 2001இல் மூடப்பட்ட ஊர் இது, இங்கே இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கொடைக்கானல் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போனால் பிள்ளைகளுக்குப் புரியுமா?

போகலாம், ஆனால் போவதற்கு முன் சூரியனைப் பள்ளிச் சுவரில் இறக்கிவிட்டுப் போங்கள். 1899இல் அமைந்து, 1901 முதல் சூரியனைப் பார்த்துவரும் இடம் அது. சூரியப் புள்ளிகளில் (சூரியன்மேல் கருப்பாகத் தெரியும் திட்டுகள்) வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909இல் கண்டதும் அங்கேதான். நம் மலையிலிருந்து நடந்த காரியம் என்பதை ஐந்தாம் வகுப்புக்கு அழுத்திச் சொல்வேன்.

செய்முறை இது. சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியைத் தாளால் மூடி, தாளில் அரை சென்டிமீட்டர் ஓட்டை போடுங்கள். வெயிலில் வைத்து, வெளிச்சத்தைத் திறந்த வாசல் வழியாக இருட்டறைச் சுவரில் விழவிடுங்கள். பத்து மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம் விழும், அதுதான் சூரியனின் பிம்பம். இப்போது ஓட்டையை முக்கோணமாக வெட்டினால் சுவரில் என்ன வடிவம் வரும் என்று கேளுங்கள். எல்லா வகுப்பும் முக்கோணம் என்றுதான் சொல்லும், சுவரில் மறுபடி வட்டமே வரும். ஒன்றாம் வகுப்பு கைதட்டும், ஐந்தாம் வகுப்பு சண்டை போடும். தூரத்தை மாற்றி மாற்றி வட்டத்தை அளக்க வையுங்கள், தூரத்தை அகலத்தால் வகுத்தால் எப்போதும் நூற்றெட்டை ஒட்டியே வருவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

சூரியனை நேராக யாரும் பார்க்கக் கூடாது, கண்ணாடி வெளிச்சத்தை யார் முகத்திலும் அடிக்கக் கூடாது. இந்த இரண்டையும் முன்கூட்டியே, கண்டிப்பாக.

ஆய்வகச் சாமான் எதுவும் இல்லையே?

ஸ்கேல், டம்ளர், நூல், ஒரு பூதக்கண்ணாடி. இவ்வளவு இருந்தால் ஒரு பருவம் ஓட்டலாம். உருளைக்கிழங்கைத் தண்ணீரில் போட்டால் முழுகும், உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மேலே வரும். ஆரஞ்சு தோலோடு மிதக்கும், உரித்தால் முழுகும், தோலைச் சேர்த்ததால் கனம் கூடித்தானே இருக்கிறது, அப்புறம் எப்படி மிதக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கேரட் வேர், உருளை தண்டு, பூண்டு இலை அடிகள் தடித்து உண்டானது. இது மூன்றும் ஒரே சந்தைப் பையில் கிடைக்கும்.

வெளியே கூட்டிப்போகப் பயமாக இருக்கிறது. காட்டுமாடு வருகிறதே?

பயம் நியாயம்தான். அதிகாலையிலும் சாயங்காலத்திலும் மூடுபனியிலும் போகவே வேண்டாம். கிளம்பும் முன் ஊரில் யாரிடமாவது அன்றைக்கு மாடு எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேளுங்கள், தெரிந்திருப்பார்கள். பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். பார்த்துவிட்டால் கத்தாமல், ஓடாமல், வந்த வழியே பின்வாங்க வேண்டும். எதையும் வாயில் வைக்கக் கூடாது, வேலி ஓரமெல்லாம் மணிபோலத் தொங்கும் ஊமத்தை வகைப் பூ விஷம். மழைக்காலத்தில் அட்டைக்கு உப்புப் பொட்டலம். உண்மையில் பாதி நாள் பள்ளிச் சுற்றுச்சுவரைத் தாண்டவே தேவையில்லை, ஈரச்சுவரில் இருக்கும் பாசியைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதற்கே ஒரு பீரியட் பத்தாது.

பளியர் (இந்த மலையின் பழங்குடியினர்) வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் பேசவே மாட்டேன் என்கிறார்கள்.

நாம் கேட்பது புத்தகக் கேள்வியாக இருந்தால் பேசமாட்டார்கள். தேனைப் பற்றிக் கேளுங்கள். பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கட்டும் மலைத்தேனீ, பொந்துக்குள் அடுக்கடுக்காகக் கட்டும் தேனீ, சின்னக் கொம்பில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ, கொட்டாத கொசுத்தேனீ என்று வகை பிரிப்பதில் பட்டம் வாங்கிய நம்மைவிட அந்தப் பிள்ளைகள் தேர்ந்தவர்கள். வகைப்படுத்துதல் என்ற பாடமே அங்கிருந்து தொடங்கலாம். அவர்கள் வீட்டில் சொல்லும் பெயரைத்தான் கரும்பலகையில் முதலில் எழுத வேண்டும், புத்தகப் பெயர் அதற்குப் பக்கத்தில் வரட்டும். தேன் எடுக்கும் தாத்தாவையோ மாமாவையோ ஒருநாள் வரச் சொல்லுங்கள், நாற்காலி போட்டு உட்காரவைத்து, பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். பேரனோ பேத்தியோ அதற்குப் பிறகு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

இப்படியே போனால் பாடத்திட்டம் முடியுமா? பார்வைக்கு வரும் அதிகாரி கேட்டால்?

முடியும். பருவம் தொடங்கும் முன் ஒரு சனிக்கிழமை, ஒன்று இரண்டின் சூழ்நிலையியல் பாடங்களையும் மூன்றிலிருந்து ஐந்து வரைக்கான அறிவியல் பாடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். தாவரம், விலங்கு, நீர், காற்று, உணவு, உடல் என்று அதே தலைப்புகள் வேறு வேறு ஆழத்தில் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அவற்றை ஒரே தாளில் கோத்து, எந்தச் செயல்பாட்டில் எந்த வகுப்பின் எந்தப் பாடம் அடங்குகிறது என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், வருகிறவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது. வளரறி மதிப்பீட்டுக்கு (பருவம் நடக்கும்போதே போடும் மதிப்பெண்) பிள்ளை வரைந்த படம், அளந்த அட்டவணை, சார்ட்டில் சொன்ன ஊகம் எல்லாம் சான்றுதான், தேதி போட்டுப் பையில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். பொருந்தாத பாடங்கள் சில மிஞ்சும், அவற்றை அந்தந்த வகுப்புக்குத் தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

அறுவடை நேரத்தில் பாதிப் பிள்ளைகள் வருவதில்லையே?

அந்த வாரங்களில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். வந்தவர்கள் பழைய பதிவைப் பார்த்து வரைபடம் போடட்டும். தோட்டத்துக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்ததும் ஒரு செடிக்கு எத்தனை கட்டி, ஒரு கட்டியில் எத்தனை பல், எது பெரிதாக விளைந்தது என்று அவர்களைச் சொல்ல வையுங்கள்.

நாளைக்கே ஏதாவது ஒன்று தொடங்க வேண்டும். எது?

மழைமானி. நேரான பக்கமுள்ள ஒரு டப்பா, திறந்த வெளியில், கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளி, காற்றில் சாயாதபடி கல் அண்டக் கொடுத்து. தினமும் காலையில் ஒரே நேரத்தில், ஒன்றாம் வகுப்பு அன்றைய வானத்தை ஒரு கட்டத்தில் வரையும், மூன்றாம் வகுப்பு ஸ்கேலை விட்டு மில்லிமீட்டர் பார்க்கும், ஐந்தாம் வகுப்பு எழுதிக்கொண்டு மாதக் கடைசியில் பட்டை வரைபடம் போடும். பார்த்து முடித்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு டப்பாவைப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும், இதற்கு இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளையைப் பொறுப்பாகப் போடுங்கள். திங்கட்கிழமை காலையில் டப்பாவில் இருப்பது சனி, ஞாயிறு மழையும் சேர்த்து என்பதை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.